தாள் சொன்னால் வேதமா?

"பத்திரத்தில் இருப்பதுதான் உண்மை. கிழவி சொல்வதெல்லாம் கதை." மலேசியாவில் கோலா குபு பாரு, கெர்லிங், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் குடும்ப வரலாறு தேடக் கிளம்பினால், முதலில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். படித்தவர்களே இதை அதிகம் சொல்கிறார்கள். அசட்டுத்தனமான தீர்ப்பு.

தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்பதிவேடு எதற்காக எழுதப்பட்டது? சம்பளக் கணக்குக்காக. வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குக் காசு. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதான் கணக்கு எழுதும் கிராணிக்கு வேண்டும். அவர்கள் யார் பிள்ளை, எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் போட்டார். அண்ணன் பெயரில் ஓர் எழுத்து, தம்பி பெயரில் வேறோர் எழுத்து. வயதும் அப்படியே. 1948-இல், அவசரகாலத்தில், 12 வயதைத் தாண்டியவர்களுக்கு அடையாள அட்டை (ஐசி) கட்டாயமானது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு உத்தேசமாகச் சொன்ன ஆண்டே ஐசியில் ஏறியது. இன்று பேரன் அதைக் கல்வெட்டாகக் கும்பிடுகிறான்.

ஊர்ப்பெயரும் ஏய்க்கும். பழைய கோலா குபு 1883-இல் அணை உடைந்து அழிந்தது. 1926 வெள்ளம் மீண்டும் மூழ்கடித்தது. அதற்குப் பிறகுதான் நகரம் இப்போதைய இடத்துக்குப் போனது. 1920-இல் 'கோலா குபு' என்று பதிவானவரின் ஊரைத் தேட வேண்டிய இடம் இன்றைய கடைத்தெரு அல்ல, பழைய நகரம் இருந்த அம்பாங் பெச்சா. பத்தாங் பெர்ஜுந்தையைத் தேடுபவருக்கு, அது 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனதை யாராவது சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மோசமானது கல்யாண விஷயம். 1982 மார்ச் 1 வரை இந்துத் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே இங்கு இல்லை. மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவர்கள் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? "தாள் இல்லை, ஆகவே கல்யாணம் இல்லை" என்று எழுதுவது ஆராய்ச்சியல்ல, அவமதிப்பு.

"வாய்ப்பேச்சும் பொய் சொல்லுமே" என்பார்கள். சொல்லும். சாதியை மறைக்கும், இரண்டாம் தாரத்தை விழுங்கும், தாத்தாவைப் பெரிய ஆளாக்கும். ஆகவே பாட்டியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். தாளையும் அதே கூண்டில் ஏற்றுங்கள். யார் எழுதினார்? யார் சொல்லி எழுதினார்? நடந்து எத்தனை நாள் கழித்து? எந்தத் தேவைக்கு? பிறந்த தேதிக்கு, பல ஆண்டு கழித்து எடுத்த ஐசியைவிட உடனே செய்த பிறப்புப் பதிவு மேல். சொந்த ஊருக்கோ, பாட்டி சொல்லும் குலதெய்வம் அந்த இரண்டு தாள்களையும்விட மேல். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர் ஆட்களையே அழைத்து வந்தார்கள். ஒரே லயத்துக்காரர்களின் குலசாமிகளை விசாரித்தாலே தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் தேடுவது என்பது பிடிபடும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு மரணப் பத்திரம் கிடையாது. "சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை" என்ற வீட்டுப் பேச்சு ஒன்றுதான் பதிவு. அதையும் கதை என்று தள்ளினால், செத்தவரை இரண்டாம் முறை தொலைக்கிறோம்.

பத்திரமும் பாட்டியும் முரண்பட்டால் உடனே பாட்டியின் வாயை அடைக்காதீர்கள். பத்திரத்தை எழுதியவரையும் விசாரியுங்கள்.