கோபுரம் விழுந்தது, குற்றவாளி யார்?

லிஸ்பன் மாநகர். 1755ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் முதல் நாள். புனிதர் அனைவரையும் போற்றும் பெருநாள். காலை ஒன்பதரை மணியளவில் கோயில்கள் நிரம்பி வழிந்தன. பீடந்தோறும் மெழுகுத்திரி, நாவெல்லாம் துதி. அந்த நேரத்தில்தான் ஆடிற்று நிலம்! தூண் சாய்ந்தது, கூரை சரிந்தது, மண்டியிட்டோர் மண்டியிட்ட நிலையிலேயே மாண்டனர்.

தப்பியோர் ஓடினர் தேகு ஆற்றங்கரைக்கு. அங்கே விழுவதற்குச் சுவரில்லையே என்ற நம்பிக்கை! நீர் பின்வாங்கிற்று; பிறகு மலையென எழுந்து வந்து வாரிச் சென்றது. எஞ்சியதைத் தீ தின்றது. ஏற்றிய திரியும் எரிந்த அடுப்பும் ஊரைக் கொளுத்த, நாட்கணக்கில் எரிந்தது நகரம். மாண்டோர் 10,000 என்பாரும் உண்டு. 60,000 என்பாரும் உண்டு.

அன்பே உருவான ஆண்டவன் இதை ஏன் அனுமதித்தான்? கேட்டது ஐரோப்பா. கேட்பது குற்றமல்ல. கேட்டவர்க்குக் கிடைத்த பதில்கள் இருக்கின்றனவே, அவைதாம் குற்றம்!

எழுந்தார் மலக்ரிடா, இயேசு சபைத் துறவி, பிரேசில் நாட்டில் நெடுநாள் ஊழியம் புரிந்தவர். 1756இல் ஏடொன்று வெளியிட்டார். நிலநடுக்கத்துக்குக் காரணம் இயற்கையல்ல, லிஸ்பன் மக்களின் பாவமே என்றார். இயற்கை என்று சொல்வோர் நாத்திகத்துக்குத் துணை போவோர் என்றும் சாடினார். பிணங்கள் புதைக்கப்படுமுன் பிரேதங்களின் மேல் தீர்ப்பு!

கடலுக்கு அப்பால் இங்கிலாந்து. அங்கே சீர்திருத்தச் சபையார். அவர்களேனும் அழுதார்களா? உதவிப் பொருள் அனுப்பினார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பிரசங்க மேடையில்? லிஸ்பன் சிலை வணங்கிய ஊர், இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் வைத்து மனிதரைக் கொளுத்திய ஊர், ஆகவே அழிந்தது என்று முழங்கினர். ஜான் வெஸ்லி போன்ற பெரியாரே அந்த மன்றம் சிந்திய குருதியைச் சுட்டி எழுதினார். லிஸ்பனிலோ, புறச்சமயத்தாரை ஊருக்குள் வாழ விட்டதற்கே இந்தத் தண்டனை என்றோரும் இருந்தனர்!

விந்தையைப் பாருங்கள், தோழர்களே! ஒரே நிலநடுக்கம். கத்தோலிக்கராய் இருந்தது குற்றம் என்கிறது ஒரு மேடை. போதுமான அளவு கத்தோலிக்கராய் இல்லாதது குற்றம் என்கிறது இன்னொரு மேடை. விசாரணை மன்றத்தின் மாளிகை இடிந்தது உண்மைதான். கோயில்களும் இடிந்தன, நோயாளர் கிடந்த மருத்துவ மனையும் எரிந்தது. விலைமகளிர் வாழ்ந்த தெருக்கள் பல தப்பின என்று அந்நாளிலேயே பேசிக்கொண்டனர். தண்டனை என்றால், இப்படிக் குறிதவறி எய்யும் வில்லாளியா எங்கள் ஆண்டவன்?

இன்னொரு கூட்டம், கற்றறிந்தோர் கூட்டம். இறைவன் படைத்திருக்கக் கூடிய உலகங்களிலெல்லாம் இதுவே சிறந்தது என்று 1710இல் நூல் எழுதினார் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். அந்தத் தத்துவத்தை லிஸ்பன் இடிபாட்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார் வால்டேர், முதலில் கவிதையிலே, பிறகு 1759இல் 'கான்டீட்' என்னும் கதையிலே. வால்டேர் நம் சபையின் நண்பரல்லர். ஆயினும் குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய், மொத்தக் கணக்கில் எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல மாட்டேன் என்றாரே, அந்த இடத்தில் அவரிடம் இருந்த இரக்கம் பிரசங்கிகளிடம் இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மனிதனுக்கு உரிமை தந்தான் இறைவன், அதை அவன் கெடுத்துக்கொண்டான், அதனால் தீமை வந்தது என்பது நம் பள்ளிகளில் சொல்லித் தரும் விடை. பொய்யல்ல. பிரேசில் சுரங்கத்துத் தங்கம் லிஸ்பனில் குவிந்ததே, அதை வெட்டியவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அந்தத் தீமை மனிதன் செய்தது, பொறுப்பு அவனுடையது. (நாடகமும் நடனமும் பாவமாகத் தெரிந்த பிரசங்கிகளின் கண்ணுக்கு அந்த விலங்கு பெரும்பாலும் தெரியவில்லை.) ஆனால் கடலடியில் பாறை நழுவியதற்கு எவன் உரிமையைக் காரணம் காட்டுவது? தொட்டிலில் கிடந்த குழந்தை எந்த உரிமையைக் கெடுத்தது? இங்கே அந்த விடை செல்லாக்காசு. செல்லாக்காசை அழுகிறவர் கையில் வைப்பது ஊழியமாகாது.

அப்படியானால் கிறித்தவனிடம் என்ன இருக்கிறது? கிறித்து இருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்பதைக் கிறித்தவ மேடைகளே மறந்துவிட்டதுதான் கொடுமை.

எருசலேமில், சீலோவாம் என்னும் இடத்தில் கோபுரம் ஒன்று விழுந்து 18 பேர் இறந்தனர். லூக்கா எழுதிய நற்செய்தி, 13ஆம் அதிகாரம். அந்தப் 18 பேரும் ஊரிலிருந்த மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்று தாமே கேட்டு, இல்லை என்று தாமே மறுத்தார் இயேசு பெருமான். ஐயத்துக்கு இடமில்லாத மறுப்பு! மனந்திரும்புங்கள் என்றும் அதே மூச்சில் சொன்னாரே என்பர். சொன்னார். யாரைப் பார்த்து? உயிரோடு எதிரே நின்று கேட்டவர்களைப் பார்த்து. கல்லுக்கடியில் கிடந்த 18 பேரைப் பார்த்தல்ல. மலக்ரிடாவோ அந்தச் சொல்லைப் பிணங்களின் மேல் எறிந்தார்.

யோபுவின் கதை இதற்கும் பழையது. மக்களையும் மாடு கன்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தான் அவன். வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் வாய் திறவாமல் உடன் இருந்தனர். அதுவரை நல்லவர்கள்! வாயைத் திறந்தார்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். முடிவிலே இறைவன் சினந்தது கேள்விக்கணை தொடுத்த யோபுவின்மேல் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவரின்மேல். ஏன் என்பதற்கு யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் நடிப்பவனைத்தான் எதிர்க்கிறேன். சிலுவையில் தொங்கியவரே, என்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்டுத்தான் இறந்தார். நாம் வணங்குவது துன்பத்தைத் தூரத்திலிருந்து அளந்து கொடுக்கும் அதிகாரியை அல்ல; அந்தக் கேள்வியைத் தம் வாயாலேயே கேட்டவரை.

லிஸ்பனில் அந்நாள் அமைச்சர் கர்வால்யோ, பின்னாளில் பொம்பால் கோமகன். புனிதரல்லர்; மலக்ரிடாவை முதலில் ஊர்கடத்தி, பிறகு சிறையிட்டு, அதே விசாரணை மன்றத்தைக்கொண்டு 1761இல் கழுத்தை நெரித்துக் கொளுத்தச் செய்தவர். எழுபது கடந்த கிழவருக்கு அந்தக் கொடுமை! அதை யாரும் நியாயம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் அவர் செய்த இன்னொன்று உண்டு. பங்குகள்தோறும் குருமாருக்கு வினாத்தாள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடிற்று, எத்தனை அதிர்ச்சி, கடல் முதலில் ஏறிற்றா இறங்கிற்றா, எத்தனை பேர் மாண்டனர்? குருமார் எண்ணினர், எழுதினர். புதிய வீடுகளின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பின்னினர், மறுபடி ஆடினாலும் நிற்கவேண்டும் என்று. மாதிரி ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரரை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தனர் என்பர். இந்தக் குருமாரும் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள்தாம். இவர்கள் பெயர் எந்த மேடையில் ஒலிக்கிறது?

பழங்கதை எதற்கு என்பீரோ? போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலுக்குத் தப்பிவந்து கோயில் எழுப்பியதாக மரபு கூறும் வேளாங்கண்ணிக்கு வாருங்கள். 2004, டிசம்பர் 26, ஞாயிறு. கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை அங்கே நூற்றுக்கணக்கான யாத்திரிகரை வாரிச் சென்றது. ஆலயத்துக்குள் நீர் புகவில்லை, இது அற்புதம் என்று பேசினர் சிலர். மணலில் கிடந்த பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தகப்பனின் காதில் அந்த அற்புதம் எப்படி விழுந்திருக்கும்? கட்டடத்தைக் காத்துக் குழந்தையைக் கைவிட்டவன் ஆண்டவன் என்றல்லவா அதற்குப் பொருள்! அன்பு மதத்தை இதைவிட இழிவுபடுத்த நாத்திகராலும் ஆகாது. அதே நாளில் சேற்றில் இறங்கிப் பிணம் தூக்கியோர் உண்டு. கூடம் திறந்து சோறு வடித்தோர் உண்டு. அவர்கள் விளக்கம் எதுவும் தரவில்லை.

சீலோவாம் என்றேனே, அங்கே குளம் ஒன்றும் உண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீடர் கேட்டனர்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவரும் அல்லர் என்றார் இயேசு. பிறகு தரையில் உமிழ்ந்து, மண்ணைப் பிசைந்து, அந்தச் சேற்றை அவன் கண்ணில் பூசி, அக்குளத்துக்குப் போய்க் கழுவச் சொன்னார். அவன் போனான், கழுவினான், பார்வையோடு திரும்பி வந்தான்.