வண்டியை ஓட்டுபவர் யாருக்கு மூன்றாம் நபர்?

2025 ஜூலைத் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் தலையிட மறுத்தது. கர்நாடகத்தில் 2014-இல், இரவல் வாங்கிய காரை வேகமாக ஓட்டிச் சென்று, கார் கவிழ்ந்து இறந்த ஒருவரின் குடும்பத்தார் 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கோரிய வழக்கு அது. அடுத்த சில நாள்களில் “அதிவேகமாக ஓட்டி இறந்தால் காப்பீட்டுப் பணம் கிடையாது” என்ற செய்தி எங்கும் பகிரப்பட்டது. சரியான தீர்ப்பு என்று சிலர் பாராட்டினர். காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சலுகை என்று வேறு சிலர் கொதித்தனர். இரு தரப்பினரும் ஒரே அனுமானத்தின் மீது நின்றுதான் பேசினர்: நிதானமாக ஓட்டியிருந்தால் பணம் கிடைத்திருக்கும் என்பது அந்த அனுமானம். அது தவறு. குறுக்கே பாய்ந்த நாயைக் காப்பாற்ற முயன்று அவர் மரத்தில் மோதியிருந்தாலும், வேறொருவரின் கவனக்குறைவு அதில் இல்லாதவரை, அவர்கள் வழக்குத் தொடுத்த 166-ஆம் பிரிவின் கீழ் விடை இதுவாகவே இருந்திருக்கும். வேகத்தைப் பற்றிய விவாதமாக மாறியதால் அந்த வழக்கு காட்டிய உண்மையான இடைவெளி கவனிக்கப்படாமல் போயிற்று.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. எதற்கான காப்பீடு என்பதே இங்கு கேள்வி. வாகனத்தால் பிறருக்கு இறப்போ காயமோ பொருட்சேதமோ நேர்ந்தால் உரிமையாளர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அந்தக் கடப்பாட்டை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒரு நபர், நிறுவனம் மற்றொரு நபர், அடிபட்டவர் மூன்றாம் நபர். எதிரே வந்த வண்டியின் தவறால் ஓட்டுநர் காயமுற்றால், அந்த வண்டியின் பாலிசிக்கு அவர் மூன்றாம் நபராகிறார். தீர்ப்பாயத்தில் முழு இழப்பீட்டையும் கோரலாம். தாம் ஓட்டிவந்த வண்டியின் பாலிசியில் அவருக்கு அந்த இடம் இல்லை. மழையில் சறுக்கி விழுந்தவர், குழியில் சக்கரம் இறங்கித் தூக்கியெறியப்பட்டவர், இரவில் சாலையில் படுத்திருந்த மாட்டின் மீது மோதியவர் ஆகியோர் தாம் தவறாமல் பிரீமியம் கட்டிய கட்டாயக் காப்பீட்டிற்கு வெளியே நிற்பவர்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 1930-இல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அதே வழியில் இந்தியாவின் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. அது 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வண்டி ஒரு சிலரின் உடைமையாக இருந்த காலம் அது. வண்டியில் இருப்பவர் வசதி படைத்தவர், தெருவில் நடப்பவர் ஏழை, முன்னவர் பின்னவருக்கு ஈடு தரவேண்டும் என்ற சித்திரம் அன்று பெருமளவு பொருந்தியது. இன்று அந்தச் சித்திரத்தில் பாதிதான் மிச்சம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டு சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பின்னிருக்கையில் அமர்ந்திருந்தோரும் இதில் அடங்குவர் என்றாலும், சட்டம் ‘ஆபத்தை விளைவிப்பவர்’ என்று எண்ணிய ஓட்டுநர் இன்று ஆபத்துக்கு உள்ளாவோரின் முதல் வரிசையில் இருக்கிறார் என்பதை மறுக்க இயலாது.

ஓட்டுநருக்கென்று ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், உண்டு. ‘உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு’ என்ற நீண்ட பெயருடன் பாலிசித் தாளில் ஒரு வரி இருக்கும். 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இது இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் வழங்கிய தீர்ப்பொன்றில் இந்தத் தொகையின் போதாமையைச் சுட்டியதை அடுத்து, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2018 செப்டம்பரில் இதை 15 லட்சமாக உயர்த்தி, ஆண்டுப் பிரீமியத்தை 750 ரூபாயாக நிர்ணயித்தது. 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் வாங்கலாம். உயர்வு பெரியது, வரவேற்கத்தக்கது.

ஆனால் பாலிசியின் நிபந்தனைகளைப் படிக்கும்போது அந்தப் பதினைந்து லட்சம் மெல்லச் சுருங்குகிறது. இறப்புக்கு முழுத்தொகை, இரு கைகால்களையோ இரு கண்களின் பார்வையையோ இழந்தால் முழுத்தொகை, ஒரு கை அல்லது ஒரு கண் போனால் பாதி. தொடை எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடப்பவருக்கு ஒன்றுமில்லை. மருத்துவமனைச் செலவு இதில் வராது. இழந்த கூலியும் வராது. அதைவிடப் பெரிய தடை, யாருக்குக் கிடைக்கும் என்பதில் இருக்கிறது. பதிவுச் சான்றில் உரிமையாளராகவும், பாலிசியில் காப்பீடு பெற்றவராகவும், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடையவராகவும் ஒரே ஆள் இருக்கவேண்டும்.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கூடும் வீடுகள் எத்தனை? தந்தையின் பெயரில் உள்ள ஸ்கூட்டரில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். கணவன் பெயரில் உள்ள வண்டியில் மனைவி வேலைக்குப் போகிறாள். விழுந்து இறப்பது அந்த மகளோ மனைவியோ என்றால், அவள் உரிமையாளர் அல்லள். இன்னொரு குடும்பத்தில் தாயின் பெயரில் வண்டி வாங்கப்பட்டிருக்கும்; அவருக்கு உரிமம் இல்லை; விதிப்படி, உரிமம் இல்லாத உரிமையாளர் இந்தக் காப்பை வாங்கத் தேவையில்லை. அன்றாடம் அதை ஓட்டும் மகனுக்காக அந்தப் பாலிசியில் ஒரு ரூபாயும் ஒதுக்கப்படவில்லை என்பதை அந்த வீட்டில் எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். மாணவர் விடுதிகளின் வழக்கத்தைச் சொல்லவே வேண்டாம்: அங்கு சாவி யார் கையில் இருக்கிறதோ அவரே அன்றைய உரிமையாளர்! கூடுதல் பிரீமியம் கட்டிப் பிறரையும் சேர்க்க வழி உண்டுதான். ஆனால் அது விருப்பத் தேர்வு. கட்டாயம் என்ற சொல்லின் பாதுகாப்பு அதற்கு இல்லை.

இரவல் வண்டியின் சட்டநிலை 2009-இன் நிங்கம்மா வழக்கில் உறுதியானது. நண்பரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளில் சென்றவர் மாட்டுவண்டியில் மோதி இறந்தார். இரவல் பெற்றவர் உரிமையாளரின் இடத்திற்கு வந்துவிடுகிறார், ஆகவே தமக்குத் தாமே இழப்பீடு செலுத்தக் கடமைப்பட்டவராகிறார், அது இயலாது என்று, தவறை நிரூபிக்கத் தேவையில்லாத 163-ஏ பிரிவின் கீழும் கோரிக்கை மறுக்கப்பட்டது. 2020-இன் ராம்கிலாடி வழக்கும் இதே வழியில் சென்றது. தனிநபர் விபத்துக் காப்பின்படி 1 லட்சம் ரூபாய் மட்டும் வழங்கப்பட்டது. இதில் ஒரு முரண் இருக்கிறது. கடப்பாடு என்று வரும்போது இரவல் பெற்றவர் உரிமையாளர் ஆகிறார். காப்பைக் கேட்கும்போதோ அவருடைய பெயர் பதிவுச் சான்றில் இல்லை என்ற பதில் வரக்கூடும்.

நீதிமன்றங்களை இதில் குறைகூற இடமில்லை. ஒருவர் தமக்கே கடன்பட முடியாது என்பது கடப்பாட்டுச் சட்டத்தின் தருக்கம். அத்தருக்கத்துக்குள் ஓட்டுநரை நுழைக்க வழியில்லை என்றால், வேறொரு கருவி தேவை என்பதே பொருள். 2025 ஆகஸ்டில் வாக்கியா அஃப்ரின் வழக்கில், டயர் வெடித்த கார் விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தையின் கோரிக்கையைக் கேட்ட உச்ச நீதிமன்ற அமர்வு, உரிமையாளரின் இறப்புக்கும் 163-ஏ பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பழைய தீர்ப்புகள் மீது அந்த நீதிபதிகளுக்கே ஐயம் எழுந்தது குறிப்பிடத்தக்கது. எனினும் அந்தப் பிரிவே 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இல்லை. அதன் இடத்தில் வந்த 164-ஆம் பிரிவு, தவறு எவருடையது என்று கேளாமல் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தரச்சொல்கிறது. ஆனால் தரவேண்டியவர் உரிமையாளர் அல்லது அவருடைய காப்பீட்டு நிறுவனம் என்று அதுவும் கூறுவதால் பழைய முடிச்சு அவிழாமலே தொடர்கிறது.

கவனக்குறைவாக ஓட்டியவருக்குப் பணம் கொடுப்பது அலட்சியத்தை வளர்க்கும் என்பது வழக்கமான எதிர்வாதம். உயிர் போகும் என்ற அச்சத்துக்கே அடங்காதவர், தம் குடும்பத்துக்குப் பணம் கிடைக்காது என்றெண்ணி வேகத்தைக் குறைப்பார் என்று நம்புவது கடினம். போதையில் ஓட்டியோருக்கு இப்போதைய தனிநபர் காப்பில் இருக்கும் விலக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிரீமியம் கூடும் என்ற வாதத்துக்கு எடை அதிகம். 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய். அதைக்கூடக் கட்டாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். ஆகவே தொகையைக் கூட்டுவதைவிடக் காப்பின் அடிப்படையை மாற்றுவதே முதலில் செய்யத்தக்கது. இன்று உரிமையாளரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும் காப்பு, வண்டியோடு கட்டப்படவேண்டும். உரிமையாளரின் இசைவோடு, செல்லத்தக்க உரிமத்துடன் அதை ஓட்டும் எவருக்கும் அது சேரவேண்டும். இப்போது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் இருக்கும் அந்தக் கட்டாயம், சட்டத்தின் 146, 147-ஆம் பிரிவுகளுக்குள் வரவேண்டும்.

இது நடவாத கனவன்று. நியூசிலாந்து 1974 முதலே, யார் தவறு என்று கேட்காத விபத்து ஈட்டு முறையை நடத்திவருகிறது. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். கோயம்புத்தூரின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் இட்ட ஆணையை அடுத்து, அவ்வாண்டு மே மாதம் மத்திய அரசு கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. விபத்தில் காயமுற்றவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அடிபட்டவர் நடந்து சென்றவரா, வண்டியை ஓட்டிவந்தவரா என்ற பாகுபாடு அதில் இல்லை. எட்டாம் நாள் காலையில்தான் அவர் மீண்டும் ‘ஓட்டுநர்’ ஆகிறார்.