விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு 3 கிலோ சுமையா?

சென்னை ரிச்சி தெருவில் கூட்டம் நெரிகிறது. கல்லூரி திறக்கும் நேரம் வந்தாலே அங்கே இப்படித்தான். பிள்ளையை விடுதியில் சேர்க்க வேண்டும். பக்கெட், பாய், தலையணை எல்லாம் வாங்கியாச்சு. பாக்கி லேப்டாப் ஒன்றுதான்!

அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அப்பா கக்கத்தில் ஒரு பை. பைக்குள் பணம். அது சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணமாகவும் இருக்கலாம்.

"பாப்பா என்ன படிக்குது சார்?" என்று கடைப் பையன் கேட்கிறான்.

"பி.காம்.பா."

"அப்ப இந்த கேமிங் மாடலை எடுத்துடுங்க சார். 4 வருஷத்துக்குக் கவலையே இல்ல!"

பி.காம். படிப்பே 3 வருஷம்தான்!

அந்தப் பெண்ணுக்கு என்ன தேவை? எக்செல் ஓட வேண்டும். டாலி ஓட வேண்டும். பாடத்தைப் படிக்க வேண்டும். ராத்திரி ஒரு சினிமா பார்ப்பாள். பார்க்கட்டும். இதற்கு எதற்கு விளையாட்டுக் கம்ப்யூட்டர்? அந்த ரகம் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். சார்ஜர் செங்கல் மாதிரி. இரண்டையும் பையில் போட்டால் 3 கிலோவை நெருங்கும். தினமும் அதைத் தூக்கிக் கொண்டு மாடி ஏறப் போவது கடைப் பையன் அல்ல!

பிளக் எங்கே?

விடுதி அறை வீடு மாதிரி இல்லை. ஒரு அறையில் 3 பேர், 4 பேர். பிளக் பாயிண்டோ ஒன்று, இரண்டு. அதிலும் யாராவது செல்போனை மாட்டி வைத்திருப்பார்கள். ஆகவே பேட்டரிதான் முக்கியம். "பேட்டரி எத்தனை வாட்-அவர்?" என்று கேட்க வேண்டும். 50-க்கு மேல் இருந்தால் நல்லது. 'பத்து மணி நேரம் நிற்கும்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பி விடக் கூடாது. அது திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த கணக்கு.

எடை ஒன்றரை கிலோவுக்குள் இருக்கட்டும். 'டைப்-சி' சார்ஜராக இருந்தால் அதிலேயே போனுக்கும் சார்ஜ் போடலாம். ராம் 16 ஜிபி இருந்தால் கவலை இல்லை. பணம் இடித்தால் 8 போதும். ஆனால், பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டு விட்டு வாங்க வேண்டும். மெல்லிய மாடல் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்ற வைத்து விடுகிறார்கள். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஆப்பிள்தான் வேண்டும் என்று சில பிள்ளைகள் அடம் பிடிக்கும். டாலி விண்டோசுக்காகச் செய்தது. ஆப்பிளில் அது நேராக ஓடாது. மெக்கானிக்கல் மாணவர்களின் சாலிட்ஒர்க்சும் அப்படியே.

கட்டடக் கலை, அனிமேஷன் படிப்பவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும். அவர்களும் அவசரப்பட வேண்டாம். சேர்ந்த பிறகு வாத்தியாரையும் சீனியரையும் கேட்டு வாங்கலாம். இரண்டு வாரத்தில் படிப்பு ஒன்றும் கெட்டுப் போகாது.

பழசு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு சங்கதி. விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்து விட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். "ஐ-7 சார், சூப்பரா இருக்கும்!" என்பார்கள். எத்தனையாவது தலைமுறை ஐ-7? அதைக் கேட்க வேண்டும்.

"பில் இல்லாம எடுத்துக்குங்க, 18 சதவீதம் மிச்சம்" என்று சிலர் காதில் ஓதுவார்கள். 50 ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 9 ஆயிரம் ரூபாய் வரி. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பில் இல்லாமல் பழுதுக்கு யாரிடம் போய் நிற்பது? விடுதியில் திருடு போனால் போலீசில் எதைக் காட்டுவது? பில்லையும், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் அன்றைக்கே போனில் படம் பிடித்து வைக்க வேண்டும். விடுதி அறைக் கதவு பகலெல்லாம் திறந்துதான் கிடக்கும்!

வளையலை அடகு வைப்பதற்கு முன்னால் பாங்கிலும் ஒரு வார்த்தை கேட்கலாம். படிப்புக்குத் தேவை என்றால், நியாயமான விலையில் வாங்கும் கம்ப்யூட்டரையும் கல்விக் கடனில் சேர்க்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று எழுதிக் கொடுக்கும்போதே இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இத்தனை கேள்வி கேட்டால் கடைப் பையன் முகம் சுருங்கும். சுருங்கட்டும்! கேமிங் பெட்டியை மூடி வைத்து விட்டு, உள்ளே போய் வேறு மாடல் எடுத்து வருவான்.