பச்சை ஹைட்ரஜன்: 400 கோடி போதுமா?

தண்ணீரில் கரண்ட் பாய்ச்சினால் ஹைட்ரஜன் கிடைக்கும். ஸ்கூல் லேபிலேயே பார்த்த விஷயம்தான். அப்புறம் ஏன் பச்சை ஹைட்ரஜன் இன்னும் இவ்வளவு காஸ்ட்லி?

கரண்ட் எங்கே வீணாகிறது?

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, இழப்பே இல்லாவிட்டாலும் சுமார் 39 யூனிட் வேண்டும். நடைமுறையில் 50-ஐத் தாண்டுகிறது. இந்த வீணில் கணிசமான பங்கு, ஆக்சிஜன் பிரியும் பக்கத்தில் போகிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கைமாற வேண்டும். ரொம்ப மந்தமான வேலை. அதை முடுக்கிவிடத்தான் உலோக வினையூக்கி.

இரிடியம் ஏன் சிக்கல்?

சோலார், காற்றாலை மின்சாரம் ஏறி இறங்கும். அதற்குச் சட்டென ஈடுகொடுப்பது 'பெம்' வகை எலக்ட்ரோலைசர். ஆனால் அதன் உள்ளே கடும் அமிலச் சூழல். நிக்கல், இரும்பு எல்லாம் கரைந்துவிடும்; தாக்குப்பிடிப்பது இரிடியம் ஆக்சைடு. உலகம் முழுக்க ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியமோ 7–8 டன்தான். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினத்தோடு துணைப்பொருளாக வருகிறது. விலை ஏறினாலும் தனியாகத் தோண்டிக் கூட்ட முடியாது.

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இந்தியாவின் இலக்கு. அதற்குக் குறைந்தது 60 கிகாவாட் எலக்ட்ரோலைசர் தேவை. எல்லாமே பெம் என்றால், கிகாவாட்டுக்கு 300 கிலோ என்று வைத்தாலும் 18 டன். உலகத்தின் இரண்டு வருட இரிடியத்துக்கு மேல்!

நிக்கல் போதுமான ஆல்கலைன் வகை விலை குறைவு. ஆனால் ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு அது அவ்வளவு வேகமாக வளைந்துகொடுக்காது.

என்ன செய்யலாம்?

ஆலைகள் பெருகினால் விலை தானாக இறங்கும், சோலார் பேனல் அப்படித்தான் இறங்கியது என்பார்கள். பாதிதான் உண்மை. சிலிக்கான் பூமியில் கொட்டிக் கிடக்கிறது, இரிடியம் அப்படியல்ல.

2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய பச்சை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ.19,744 கோடி. அதில் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு ரூ.17,490 கோடி, ஆராய்ச்சிக்கு ரூ.400 கோடி, அதாவது வெறும் 2%. இந்த விகிதம் மாற வேண்டும்.

'இரிடியத்துக்கு மாற்று ரெடி' என்று செய்தி வந்தால், எத்தனை மணி நேரம் ஓடியது என்று முதலில் கேட்க வேண்டும். லேபில் சில நூறு மணி நேரம் ஓடினாலே சாதனை. ஆலைக்கோ பல்லாயிரம் மணி நேரம் வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க, எல்லா ஆய்வகங்களும் ஸ்டார்ட்அப்களும் பயன்படுத்தக்கூடிய நீண்டகாலச் சோதனைக் கூடங்களை அரசு அமைக்கலாம். இல்லாவிட்டால் எண்ணெய்க்கு வெளிநாட்டைப் பார்த்து நிற்கும் நாடு, நாளை இரிடியத்துக்கும் அப்படியே நிற்கும்.