பிள்ளையின் மனக்குறையைக் கேட்க ஓர் ஆள்

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க ஆள் இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு சமைக்க ஆள் இருக்கிறார். பிள்ளை மனம் விட்டுப் பேச ஓர் ஆள் இருக்கிறாரா?

பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் இல்லை.

இருந்தே ஆக வேண்டும் என்று 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்து வந்த 17 வயது மாணவி ஒருத்தி 2023-ம் ஆண்டு இறந்து போனாள். அவளுடைய தகப்பனார் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு இது. 100 பேரும் அதற்கு மேலும் படிக்கும் இடங்களில், பயிற்சி பெற்ற மனோதத்துவ நிபுணரோ ஆலோசகரோ ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய பள்ளிக்கூடங்கள் வெளியில் உள்ள நிபுணர்களுடன் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

"மனோதத்துவ நிபுணரா? என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று தாய்மார்கள் பதறுவார்கள்.

பைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1896-ம் ஆண்டு அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில், ஓர் ஆசிரியை 14 வயதுப் பையனை லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் அழைத்துச் சென்றார். பையனுக்கு எழுத்துக் கூட்டி எழுத வரவில்லை. அவ்வளவுதான் குறை. விட்மர் சோதித்துப் பார்த்தார். கண் பார்வையில் கோளாறு இருந்தது. கண்ணாடி போட்டார்கள். தனியாகப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கான மனோதத்துவ சிகிச்சை அப்படித்தான் தொடங்கியது.

நம் ஊரில் "மக்கு" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்படும் பையனுக்கும் இப்படி ஒரு குறை இருக்கலாம். திங்கட்கிழமை தோறும் வயிறு வலிக்கிறது என்று அழும் சிறுமி நடிக்காமல் இருக்கலாம். பயமும் கவலையும் சிறு பிள்ளைகளுக்கு வயிற்று வலியாக வருவது உண்டு. எதைக் கண்டு பயம்? கணக்குப் பாடமா, சக மாணவியின் கேலியா, குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனா, தொடக்கூடாத இடத்தில் தொடும் உறவினரா? பொறுமையாகக் கேட்டால்தானே தெரியும்!

12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பது தெரிய வந்தது. 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 14417 என்ற டெலிபோன் உதவி 2018-ல் வந்தது. "மாணவர் மனசு" என்ற பெட்டி 2022-ல் பள்ளிகளுக்கு வந்தது. இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் போன் கொடுப்பது? அம்மாவின் போனை வாங்கி, அப்பா பக்கத்தில் நிற்கும்போது, அப்பாவைப் பற்றியே பேச முடியுமா? எழுத வராத பிள்ளை பெட்டியில் என்ன போடும்?

"ஆசிரியரே விசாரிக்கலாமே" என்பார்கள். பிள்ளை திடீரென்று வாடிப்போனால் முதலில் கண்டுபிடிப்பவர் ஆசிரியர்தான். அதற்காகவே அவருக்கும், மற்ற ஊழியர்களுக்கும், ஆண்டுக்கு இரண்டு தடவை பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது கோர்ட்டு. என்றாலும், மார்க்குப் போடுகிறவரிடமும் பிரம்பைக் காட்டியவரிடமும் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி விடாது.

ஆகவே ஆலோசகர் தனி ஆளாக, நிலையான உத்தியோகத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினால் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்காது. கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறை வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ஒழிய, அங்கே சொன்னது ஆசிரியர்கள் அறைக்குப் போகக்கூடாது. லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக ஆலோசகரை வகுப்பு எடுக்க அனுப்பி விடவும் கூடாது!

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நான்கைந்து சிறு பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாள், தவறாத நாளாக, அவர் வந்தால் போதும். பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களே. குடிதண்ணீரையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கும் அதே கூட்டத்தில் இதையும் கேட்கலாம்: "ஆலோசகர் யார்? எந்தக் கிழமை, எந்த அறையில் இருப்பார்?"