தூங்க இடம் இல்லாத பனியன் ஊர்

திருப்பூரில் நீங்கள் புதிதாக ஒரு பனியன் கம்பெனி கட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ப்ளான் அப்ரூவலுக்குப் போனால், கார் நிறுத்த எவ்வளவு இடம் என்று கேட்பார்கள். தீயணைப்பு வண்டி வந்து போக வழி இருக்கிறதா என்பார்கள். மழைநீர்த் தொட்டி எங்கே என்பார்கள். சாயப்பட்டறை என்றால் சொல்லவே வேண்டாம், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், 'ஐந்நூறு பேருக்கு வேலை தர்றேங்கறீங்களே, ராத்திரி அவங்க எங்கே தூங்குவாங்க?' என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஃபாரத்தில் கட்டமே கிடையாது.

மூவாயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் பெரிய கட்டடங்களிடம் 'ஷெல்டர் ஃபீ' என்று ஒன்று வாங்குகிறார்கள், உண்மைதான். காசைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. முப்பது மெஷின் போட்ட சின்ன யூனிட்டுக்கு அந்தக் கணக்கும் இல்லை. திருப்பூர் என்பதே அப்படிப்பட்ட சின்ன யூனிட்டுகளால் ஆன ஊர்.

சரி, அவர்கள் எங்கேதான் தூங்குகிறார்கள்? லைன் வீட்டில். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து சென்ட் இடத்தில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் பத்துக் கதவுகள். ஒரு கதவுக்குள் ஒரே அறை. மேலே பெரும்பாலும் சிமென்ட் ஷீட். பத்துக் கதவுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கும் க்யூவை ஏற்றுமதி அதிகாரிகள் ஒருமுறை பார்க்க வேண்டும். முதலில் மதுரை, தேனி, புதுக்கோட்டையிலிருந்து வந்தவர்கள் அதில் குடியிருந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார்க்காரர்களும் இருக்கிறார்கள். சுற்றுப்புறத்தையும் சேர்த்து 2001-ல் ஐந்தரை லட்சம் பேர் இருந்த நகரம், 2011-ல் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. அதற்கடுத்த சென்சஸ் 2021-ல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. வந்தவர்களை எண்ணக்கூட இல்லை, அப்புறம் எங்கே வீடு கட்டுவது!

நம் அரசுகளுக்கு வீடு என்றாலே சொந்த வீடுதான். மானியமா? சொந்த வீட்டுக்கு. வட்டிச் சலுகையா? சொந்த வீட்டுக்கு. 2019-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் 45 லட்சம் ரூபாய் வரையிலான சின்ன ஃப்ளாட்டை 'மலிவு விலை வீடு' என்று வகைப்படுத்தி, ஒரு சதவிகித வரி போட்டது. கொஞ்சம் பேனாவை எடுங்கள். கையிலிருந்து ஒன்பது லட்சம் போட்டு, மீதி 36 லட்சத்துக்கு எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருடக் கடன் வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 31,200 ரூபாய். கணவனும் மனைவியும் ஆளுக்குப் பதினெட்டாயிரம் சம்பாதிக்கிறார்கள் என்றே வையுங்கள். மீதி 4,800 ரூபாயில் அரிசி, பருப்பு, பஸ், பள்ளிக்கூட ஃபீஸ். இது யாருக்கு மலிவு?

அதைவிட முக்கியம், இவர்களுக்கு இருபது வருடக் கடன் எதற்கு? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டதும் ஆர்டர்கள் சுருங்கின. வேலை குறைந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியவருக்கு, தேவை கௌரவமான ஒரு வாடகை அறை. அதைக் கட்டத்தான் ஆளில்லை. 2011 சென்சஸில் நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடியே 11 லட்சம். அடுத்த வருடமே மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் ஒரு கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும்தான். கட்டுவதெல்லாம் முதலீட்டுக்கு, பற்றாக்குறையெல்லாம் குடியிருக்க!

உடனே லைன் வீட்டு ஓனரைத் திட்டக் கிளம்பாதீர்கள். இந்த ஊரில் தொழிலாளிக்கு வாடகை வீடு கட்டிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். ஹவுசிங் போர்டு செய்யாததை, பேங்க் செய்யாததை, அவர் தன் மிச்சப் பணத்தைப் போட்டுச் செய்தார். அப்ரூவல் இல்லாததால் அவருக்கு பேங்கில் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காததால் கக்கூஸ் கூடாது. 'நாலு கதவுக்கு ஒரு கக்கூஸ் கட்டு, காற்று வர ஜன்னல் வை, குறைந்த வட்டியில் கடன் தர்றோம், கட்டடத்தை முறைப்படுத்தித் தர்றோம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுக்குமாடி கட்டி ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

'கம்பெனியே ஹாஸ்டல் கட்டட்டுமே' என்பீர்கள். கட்டட்டும். ஆனால், சம்பளம் தருகிறவர் கையிலேயே அறைச் சாவியும் இருந்தால், வேலை போன அன்றே படுக்கையும் போகும். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பேருக்கு சிப்காட் கட்டி, 2024-ல் திறந்தார்களே, அது நல்ல காரியம். செல்போன் செய்கிறவர்களுக்குக் கிடைத்தது, பனியன் தைக்கிறவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

'இதெல்லாம் செலவுங்க, தொழில் தாங்காது' என்பது பழைய பாட்டு. நொய்யலைச் சாயம் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இதையே பாடினார்கள். அடி பலமாகத்தான் விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

மனிதர்கள் விஷயத்திலோ நாம் பின்னால் போகிறோம். ஒப்பந்தக்காரர் அழைத்து வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-ம் வருடச் சட்டம் சொன்னது. ஒழுங்காக அமல்படுத்தவில்லை, அது வேறு கதை. அதை விழுங்கிவிட்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில், ஒப்பந்தக்காரருக்கு இருந்த அந்த வெளிப்படையான கடமையைக் காணோம்.

கோடிகள் செலவழிக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பல லைன் வீடுகளில் இணைப்பு ஓனர் பெயரில் இருக்கும். உள்ளே சப்-மீட்டர். ஓனர் சொல்வதுதான் யூனிட் விலை. பணக்காரர் பங்களாவுக்குக் கிடைக்கிற இலவசம் பத்துக்குப் பத்து அறைக்குக் கிடைப்பதில்லை. கதவுக்கு ஒரு மீட்டரை மின்வாரியம் வைக்கட்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற கணக்காவது அப்போது அரசாங்கத்துக்குக் கிடைக்கும்.