கைப்பிடி வைத்த நாற்காலி

சூப்பரின்டெண்ட் ஆனதில் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றுதான். நேற்றுவரை தருமபுரி நான்கு ரோட்டில் என் காசில் டீ குடித்தவர்கள் எல்லாம் 'ஸார்' போட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் மட்டும் மாறவில்லை. காலேஜ் சிநேகிதன். ஆபீஸிலும் 'டேய்'தான்.

அவனுக்கு கேஷ் ஸீட். திடீரென்று தூக்கம் போயிற்று. பணத்தை ஏழு தடவை எண்ணுவான். ஃபேனைக் காட்டி, "நாம பேசறதைக் கேக்கறாங்கடா" என்பான். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. "பெங்களூர் நிம்ஹான்ஸ் மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தேன். விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்று கையில் அடித்து சத்தியம் வாங்கினான்.

மூன்று மாசம் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அவன் கணக்குத் தப்புகளை ராத்திரி உட்கார்ந்து நானே சரி செய்தேன். பெரிய கர்ணன் என்று நினைப்பு! ஒரு நாள் எட்டாயிரம் ரூபாய் குறைந்தது. மெமோ வந்தது அவனுக்கல்ல. அன்று அவனுக்கு உதவிக்கு உட்கார்ந்த, சர்வீஸில் ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்கு. அவள் அழுதாள். நட்புக்கு நான் செய்த தர்மமெல்லாம் அவள் காசில்!

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): சர்வீஸில் இருக்கும்போது ஊனம் வந்தால் அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். மனநோயும் இதில் சேர்த்தி. 2021 டிசம்பரில் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர்மேல் இருந்த ஒழுங்கு நடவடிக்கைகளை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. வேறு வேலை தருவதானால் சம்பளம் குறையக் கூடாது, ஆனால் துப்பாக்கி சம்பந்தமில்லாத வேலையாகப் பார்த்துத் தரலாம் என்றது. துப்பாக்கிக்கே வழி இருக்கிறபோது கல்லாப்பெட்டிக்கு இருக்காதா? ஆனால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்கு அவன் டாக்டரிடம் வர வேண்டுமே!

வீட்டுக்குப் போனேன். "உன் வியாதியைப் பத்தி எழுத மாட்டேன். அதை நீதான் சொல்லணும். ஆனா அந்தப் பொண்ணு மேல தப்பில்லே, மூணு மாசமா கணக்கைத் திருத்தினது நான்னு நாளைக்கே எழுதப் போறேன்" என்றேன். அவன் பேசவில்லை. அவன் சம்சாரம்தான், "பெங்களூர் பஸ் எத்தனை மணிக்குண்ணா?" என்றாள்.

இப்போது அவன் தபால் பிரிவில். அதே சம்பளம். தூக்கம் வருகிறதாம். அந்தப் பெண்ணின் மெமோ ரத்து. எனக்கு ஒரு இன்க்ரிமெண்ட் கட்.

நேற்று தபாலோடு வந்தான். "ஸார், கையெழுத்து" என்றான்.